அமைச்சர் எழுதிய விளையாட்டுப் பாட்டு

திருவண்ணாமலையில் கிரிவலம் செல்வோர் மலையின் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூரைக் கடந்து செல்கின்றனர். அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலைப் பலரும் அறிவர். அதே ஊரில் மாணிக்கவாசகருக்கென ஒரு சிறு கோயில் இருப்பதை நின்று கவனிப்போர் குறைவு. திருவெம்பாவை பிறந்த இடம் அதுவே என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

இருபது பாடல்கள் கொண்ட அந்தச் சிறு நூல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே விடியற்காலையில், பலர் கூடிப் பாடப்பட்டு வருகிறது. ஒரு பாடலைப் பத்து நாள் ஒத்திகை பார்த்தாலே குழுவில் பாதிப் பேருக்குச் சலிப்புத் தட்டிவிடுவதை இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிவர். அப்படியிருக்க, திருவெம்பாவை எப்படிச் சலிக்காமல் நின்றது? பக்தி என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால், பக்தியில் குறைவற்ற எத்தனையோ நூல்கள் ஏட்டோடு நின்றுவிட்டன. விடையை மாணிக்கவாசகரின் வாழ்க்கையிலும், அவர் கையாண்ட பாட்டு வடிவங்களிலும் தேடுவதே பொருத்தம்.

மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரத்தில் உள்ள திருவாதவூரில் பிறந்தவர் அவர். ஊர்ப் பெயராலேயே வாதவூரர் எனப்பட்டார். அவருடைய வாழ்க்கை கடவுள் மாமுனிவரின் திருவாதவூரர் புராணத்திலும், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் விரிவாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுந்தவை. அவர் வாழ்ந்த காலம் குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு. மறைமலையடிகள் 3-ஆம் நூற்றாண்டு என்று வாதிட்டார். ஆய்வாளர் பலர் 9-ஆம் நூற்றாண்டை ஒட்டியே அவரை வைக்கின்றனர்.

இளமையிலேயே கல்வியில் சிறந்து விளங்கிய வாதவூரரை அரிமர்த்தன பாண்டியன் அழைத்துத் தன் அமைச்சராக்கினான்; தென்னவன் பிரமராயன் என்ற பட்டமும் அளித்தான். நாட்டுக்குக் குதிரைகள் தேவைப்பட்டன. கீழைக் கடற்கரைத் துறைமுகத்தில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருப்பதாகச் செய்தி வரவே, கருவூலத்திலிருந்து பெரும்பொருள் எடுத்துக்கொண்டு அமைச்சர் புறப்பட்டார்.

பொருளியல் கற்பித்தவர்களுக்கு இந்தக் கதையின் இப்பகுதி கூடுதல் சுவை தரும். தமிழகத்தில் போர்க்குதிரைகள் பெருகி வளர்வதில்லை. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கடல்வழியே வந்த குதிரைகளுக்குப் பாண்டியர் பெரும்பொருள் கொடுத்தனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோவும் பாண்டிய மன்னர்கள் குதிரைக்குச் செலவிட்ட தொகையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஆகவே, குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் சுமந்து சென்றது சில்லறைச் செலவுக்கான பணம் அன்று. ஒரு நாட்டின் பாதுகாப்புச் செலவு.

அந்தப் பணம் குதிரைச் சந்தையைச் சென்றடையவில்லை. இன்று ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறையில், ஒரு குருந்த மரத்தடியில், அடியார் சூழ அமர்ந்திருந்த குருவைக் கண்டார் வாதவூரர். அந்தச் சந்திப்பில் அமைச்சர் பதவி, அரச ஆணை, குதிரை எல்லாம் அவர் நினைவிலிருந்து அகன்றன. கொண்டுவந்த பொருள் கோயில் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவாயிற்று. பொது நிதியை வேறு பணிக்குத் திருப்பிய இச்செயலை எந்தத் தணிக்கை அதிகாரியும் ஏற்கமாட்டார், பாண்டியனும் ஏற்கவில்லை. சிறையும் தண்டனையும் தொடர்ந்தன. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், இரவில் மீண்டும் நரிகளானதும், வையை பெருகியதும், பிட்டுக்குக் கூலியாளாக வந்த இறைவன் மண் சுமந்து பிரம்படி பட்டதும் தமிழர் அனைவரும் அறிந்த கதைகள். இறுதியில் பாண்டியன் அவரை விடுவித்தான். அவர் பதவியைத் துறந்தார்.

இதற்குப் பின் நடந்ததே இக்கட்டுரைக்கு முக்கியமானது. திருப்பெருந்துறைக்குத் திரும்பிய வாதவூரர் குருவோடும் அடியார்களோடும் சில காலம் வாழ்ந்தார். பின்னர் ஒரு நாள் குரு மறைந்தார். உடனிருந்த அடியார்களும் அவரோடு சென்றனர். வாதவூரர் மட்டும் பின்தங்கினார். பல தலங்களையும் வணங்கித் தில்லைக்கு வருமாறு அவருக்குக் கட்டளை இருந்தது. கூட்டத்தில் ஒருவராக இருந்தவர் தனியரானார். திருவாசகத்தின் கண்ணீருக்கு அடியில் ஓடுவது இந்தத் தனிமையே. அடியார் நடுவில் மீண்டும் இடம் வேண்டும் என்ற ஏக்கம் அந்நூலில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

திருவாசகம் இன்றுள்ள அமைப்பில் 51 பகுதிகளைக் கொண்டது. முதல் ஆறு பகுதிகளில் பெரிதும் கேட்பது தனிக்குரல். ஆறாவதான நீத்தல் விண்ணப்பம், என்னைக் கைவிட்டுவிடாதே என்று 50 பாடல்களில் மன்றாடுகிறது. உத்தரகோசமங்கையில் பாடப்பட்டதாகக் கருதப்படும் பகுதி அது. ஏழாவது பகுதியின் வாயிலைத் திறந்தால் குரல் முற்றிலும் மாறிவிடுகிறது. அங்கே நிற்பவர் தனியர் அல்லர். ஒரு தெருவே எழுந்து நிற்கிறது. சிறுமியரும் மங்கையரும் ஒருவரை ஒருவர் எழுப்புகின்றனர், கேலி செய்கின்றனர், சேர்ந்து பாடுகின்றனர். அதுதான் திருவெம்பாவை. கூட்டத்தை இழந்தவர், பாட்டின் வழியே ஒரு கூட்டத்தை உருவாக்கிக்கொண்டார் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது.

தலயாத்திரையில் அவர் திருவண்ணாமலைக்கு வந்தது மார்கழி மாதத்தில் என்பது மரபு. மகளிர் விடியுமுன் எழுந்து, வீடு வீடாகச் சென்று தோழியரை அழைத்துக்கொண்டு நீராடப் போவதை அவர் கண்டார். அவர்களுடைய வழக்கத்தையே பாட்டாக்கினார். புதிதாக ஒரு சடங்கை அவர் ஏற்படுத்தவில்லை; ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சொல் கொடுத்தார்.

திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடல்களை ஒரு குழுப் பயிற்சியின் தொடக்கமாகக் கருதிப் பாருங்கள். வரவேண்டியவர்கள் எல்லாரும் வரவில்லை, சிலர் உறங்குகின்றனர். முதல் நாள் தானே வந்து எல்லாரையும் எழுப்புவதாக வாக்களித்த ஒருத்தி இன்று படுக்கையை விட்டு எழவில்லை. அந்த வாக்கு எந்தத் திசையில் போயிற்று என்று தோழியர் கேட்கின்றனர். இன்னொருத்தி உள்ளிருந்தபடியே எல்லாரும் வந்துவிட்டார்களா என்று வினவுகிறாள். நாங்கள் பாடிக்கொண்டிருக்கிறோம், நீயே வெளியே வந்து எண்ணிப் பார். குறைந்தால் திரும்பிப் போய்த் தூங்கிக்கொள் என்ற பொருளில் விடை வருகிறது. பல்லாண்டு வருகைப் பதிவேட்டோடு போராடிய ஆசிரியர்களுக்கு இது புன்னகை தரும். தாமதமாக வருபவரைக் கண்டித்து வெளியே நிறுத்துவதற்கு மாறாக, அவருடைய தாமதத்தையே பாட்டின் ஒரு பகுதியாக்கிவிடுகிறார் வாதவூரர். உறங்குபவளுக்கும் அங்கே ஒரு பங்கு இருக்கிறது. அவள் எழுந்து வந்தால்தான் பாட்டு அடுத்த அடிக்கு நகர்கிறது.

அடுத்து வரும் பாடல்களில் காட்சி மாறுகிறது. பெண்கள் பொய்கையை அடைகின்றனர், நீரில் குதித்து ஆடுகின்றனர், அணிகள் ஒலிக்கின்றன, மழை பொழிய வேண்டும் என்று மேகத்தை அழைக்கின்றனர். பதினெட்டாம் பாடலில் அண்ணாமலையாரின் திருவடி போற்றப்படுகிறது. இருபதாம் பாடல் போற்றி கூறி நிறைகிறது. இருபது பாடல்களும் ஒரே விளியோடு முடிகின்றன. பாட்டு அறியாத புதியவளும் முதல் பாடலிலேயே அந்த ஈற்றில் சேர்ந்துகொள்ளலாம். இருபதாம் பாடலுக்குள் முழுவதும் பழகிவிடும். மாறாத ஈறும் மாறிக்கொண்டே இருக்கும் காட்சியும் சேர்ந்ததே இதன் அமைப்பு. ஈறு குழுவைக் கட்டி வைக்கிறது. காட்சி சலிப்பை விலக்குகிறது.

அண்ணாமலையில் அவர் பாடியதாக மரபு குறிக்கும் மற்றொரு பகுதி திருவம்மானை. காய்களையோ சிறு உருண்டைகளையோ ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிந்து பிடித்தபடி பெண்கள் பாடும் ஆட்டம் அம்மானை. எறிந்த காய் கீழே வருவதற்குள் அடுத்ததை எறிய வேண்டும். கை தவறினால் பாட்டும் தவறும். இந்த ஆட்டப் பாட்டுக்குள் இறைவன் மண் சுமந்து அடிபட்ட மதுரைக் கதையை வைத்தார் வாதவூரர். திருப்பெருந்துறையில் தம்மை ஆட்கொண்டவனும் அண்ணாமலையானும் ஒருவனே என்பதையும் அதற்குள்ளேயே வைத்தார். தம் வாழ்வின் மிக ஆழமான அனுபவத்தைத் திண்ணையில் ஆடும் விளையாட்டுக்குள் வைக்க அவர் தயங்கவில்லை.

இவ்விரண்டோடு அவர் நிற்கவில்லை. திருவாசகத்தின் ஏழாம் பகுதி முதல் பதினாறாம் பகுதி வரை பத்துப் பகுதிகள் மகளிர் கூடிச் செய்யும் வேலையையோ விளையாட்டையோ ஒட்டியவை. திருப்பொற்சுண்ணம் வாசனைப் பொடி இடிக்கும் உலக்கைப் பாட்டு. திருக்கோத்தும்பி வண்டை அழைத்துப் பாடுவது. திருத்தெள்ளேணம் கொட்டி ஆடுவது. திருச்சாழல் ஒருத்தி வினவ மற்றொருத்தி விடை கூறுவது. திருப்பூவல்லி பூக் கொய்யும்போது பாடுவது. திருவுந்தியார், திருத்தோணோக்கம் என்பனவும் மகளிர் ஆடல்கள். திருப்பொன்னூசல் ஊஞ்சல் பாட்டு.

இந்த வடிவங்களும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு எல்லாம் வருகின்றன. உலக்கைக்கும் ஊஞ்சலுக்கும் அவற்றுக்கே உரிய தாளம் உண்டு. உலக்கை விழும் நேரம் ஒன்று, ஊஞ்சல் போய்த் திரும்பும் நேரம் வேறொன்று. தாளத்தைத் தனியே கற்பிக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. செய்யும் வேலை அதைக் கற்பித்துவிட்டது.

பொருளியலில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. ஒரே பொருளைத் தொடர்ந்து நுகரும்போது ஒவ்வொரு கூடுதல் அலகும் முந்தையதைவிடக் குறைந்த நிறைவையே தரும். தாகத்தோடு இருப்பவருக்கு முதல் குவளை நீர் அமுதம். ஐந்தாம் குவளை தண்டனை. இசைப் பயிற்சியும் இவ்விதிக்கு விலக்கன்று. பத்தாம் முறை பாடும் பாட்டு முதல் முறை பாடியதைப்போல் இனிக்காது. ஆனால், திரும்பத் திரும்பப் பாடாமல் எந்தக் குழுவும் ஒன்றுபட்டுப் பாட முடியாது. கற்பிப்பவரின் சிக்கல் முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மாணிக்கவாசகரின் பத்துப் பகுதிகள் இச்சிக்கலுக்கு ஒரு தெளிவான வழியைக் காட்டுகின்றன. பாடுபொருளை அவர் மாற்றவில்லை. பத்திலும் பாடப்படுபவன் ஒருவனே. மாறுவது கைக்கு வரும் வேலை, பாட்டைத் தொடங்குபவர், கேட்பவர், உடலின் அசைவு. இன்று உலக்கை, நாளை ஊஞ்சல், அடுத்த நாள் வினா விடை. ஒரே செய்தி பத்து முறை வந்தும் நுகர்பவருக்கு அது பத்துப் பொருளாகிறது.

அண்ணாமலையிலிருந்து திருக்கழுக்குன்றம் முதலிய தலங்களை வணங்கிக்கொண்டு அவர் தில்லையை அடைந்தார். அங்கே புத்த சமயத்தாரோடு நிகழ்ந்த வாதம் புராணத்தின் முக்கியமான பகுதி. ஈழத்து மன்னன் தன் ஊமை மகளோடு வந்திருந்தான்; எதிர்த்தரப்பினர் எழுப்பிய வினாக்களுக்கு அந்தப் பெண்ணே வாய் திறந்து விடை கூறினாள்; அவ்வினா விடைகளே திருச்சாழல் ஆயின என்கிறது புராணம். வரலாறாகக் கொள்ளாவிட்டாலும் இக்கதையில் கற்பிப்போருக்கு ஒரு செய்தி உண்டு. சாழலின் வினாக்கள் கூர்மையானவை. சாம்பல் பூசுகிறவன், சுடுகாட்டில் ஆடுகிறவன் எப்படிக் கடவுளாவான் என்ற வகையில் தம் இறைவனையே குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பைப் பாட்டுக்குள் வைத்தார் அவர். கேள்வி கேட்க இடம் இருந்ததால்தான் பேசாதிருந்த குரல் பேசியது.

வாழ்வின் இறுதியும் தில்லையிலேயே. அந்தணர் வடிவில் வந்த இறைவன் பாடல்களைச் சொல்லக் கேட்டுத் தானே ஏட்டில் எழுதினான். 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையாரும் அவ்வாறே எழுதப்பட்டது என்பது மரபு. அவற்றின் பொருள் யாது என்று தில்லை அந்தணர் கேட்டபோது, வாதவூரர் அம்பலத்தில் ஆடும் பெருமானைச் சுட்டிக்காட்டி அவனிடத்தே கலந்தார். அப்போது அவருக்கு வயது 32 என்பர். ஆனி மாத மக நாள் அவருடைய குருபூசையாகக் கொண்டாடப்படுகிறது.

அவருக்குப் பின் பாடல்கள் தம் வழியே பயணம் செய்தன. திருவாதிரைக்கு முந்தைய நாள்களில் சிவன் கோயில்களில் மாணிக்கவாசகர் திருவுருவத்தை இறைவன் முன் எழுந்தருளச் செய்து திருவெம்பாவை பாடுகின்றனர். அண்ணாமலையிலேயே உந்தியார் மீண்டும் பிறந்தது: திருவாசகத்தை முன்மாதிரியாகக் கொண்டு பாடிவந்த முருகனாரின் வேண்டுகோளை ஏற்று, 1927-இல் ரமண மகரிஷி 30 பாடல்களில் உபதேச உந்தியாரை இயற்றினார். 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வெளியிட்ட திருவாசக இசைத்தொகுப்பிலும் கோத்தும்பியும் பொற்சுண்ணமும் இடம்பெற்றன. தனியே அமர்ந்து அழும் பாடல்களோடு, கூடி ஆடும் பாடல்களும் பெரிய இசைக்குழுவுக்கு ஏற்றவையாக இருந்தன.

ஆனால், பயணம் எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில் அரசவை அந்தணர்கள் நடத்தும் திரியம்பாவை, திரிபாவை விழா திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1784-இல் அங்கு நிறுவப்பட்ட மாபெரும் ஊஞ்சலில் ஆடும் வழக்கம் 1935-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. தமிழ்ப் பாடல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டன. ஆனால் ஒலி திரிந்து, ஓதுவோர்க்குப் பொருள் தெரியாத மந்திரமாகிவிட்டன. கடல் கடந்து இத்தனை நூற்றாண்டு காத்தமைக்கு நன்றி சொல்ல வேண்டும். எனினும், உறங்குபவளைக் கேலி செய்யும் பாட்டு எவருக்கும் புன்னகை வரவழைக்காத ஓசையாக மாறியது இழப்பே.

அந்த இழப்பு நமக்கும் நேரக்கூடும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் முயற்சியால் திருப்பாவை, திருவெம்பாவை மாநாடுகள் பரவின. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பாடல்களைக் கற்றனர். அது பெரும் தொண்டு. ஆனால், காலப்போக்கில் பல இடங்களில் ஒப்புவித்தல் போட்டி மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒரு குழந்தை, ஓர் ஒலிபெருக்கி, கையில் கடிகாரத்தோடு நடுவர். இருபது பேர் சேர்ந்து பாட எழுதிய பாட்டை இருபது பேர் தனித்தனியே, ஒருவரை ஒருவர் வெல்வதற்காகப் பாடுகின்றனர். உள்ளே உறங்குபவளின் அடியையும் வெளியே நிற்பவளின் அடியையும் ஒரே குழந்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறது. எங்கே யார் பேசுகிறார் என்பது அதற்குத் தெரிவதில்லை. பரிசு அறிவிக்கப்பட்ட மறுநாள் பாட்டும் மறந்துவிடுகிறது.

இதை மாற்றப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. பள்ளியில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் கதவுக்கு உள்ளேயும் மற்றவரை வெளியேயும் நிறுத்தினால் திருவெம்பாவை தானே நாடகமாகும். கையில் நான்கு கழற்சிக்காய் கொடுத்தால் அம்மானை தாளப் பயிற்சியாகும். சாழலைக் கற்பித்தபின், அதே அமைப்பில் புதிய வினாக்களை எழுதிவரச் சொன்னால் யாப்பும் பொருளும் ஒருங்கே விளங்கும். தேவாரப் பாடசாலைக்கும், திருமுறை ஓதும் குழுவுக்கும், கல்லூரிச் சேர்ந்திசைக் குழுவுக்கும் இது பொருந்தும். தொடங்கும் பொறுப்பு நாளுக்கு ஒருவருக்குச் செல்லட்டும். பின்தங்கியவருக்கு ஈற்றடியேனும் உரியதாகட்டும். ஒருவர் அடி மற்றவர் அடிக்காகக் காத்திருக்கட்டும்.

ஒழுங்கு குலைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. பாட்டின் புனிதம் கெடும் என்பாரும் உண்டு. ஒரு பேரரசின் அமைச்சராக இருந்தவர், தமிழின் மிக உயர்ந்த ஞானநூல்களுள் ஒன்றை எழுதியவர், உலக்கையையும் ஊஞ்சலையும் சிறுமியர் கேலியையும் அதற்குள் வைக்கக் கூச்சப்படவில்லை என்பதே அவர்களுக்கான விடை. மார்கழிதோறும் குழந்தைகளை மேடையேற்றும் பள்ளிகளும் கோயில்களும் ஓர் ஆண்டேனும் பரிசுக் கோப்பைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் எழுதியபடியே அந்தப் பாடல்களைச் சேர்ந்து பாடவைத்துப் பார்க்கலாம்.